ஈரத்தோல் உறையும் மூன்று கத்திகளும்

கத்தி தீட்டத் தெரியாதவன் தனியாக வாழக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. என் மகள் ஷீபாதான் அப்படியொரு சட்டத்தை இயற்றப் பார்த்தாள்.

என் மனைவி எஸ்தர் மறைந்து பத்து மாதம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த ஷீபா, நான் தக்காளி நறுக்குவதைப் பார்த்துவிட்டாள். நறுக்குவது என்பது மரியாதைக்குச் சொல்வது, நசுக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா இருந்தப்ப இந்தக் கத்தி இப்படியாப்பா இருந்துச்சு? வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்கூட வந்துடுங்க."

"வர மாட்டேன்."

"ஒரு தக்காளி வெட்ட முடியல, தனியா இருந்து இன்னா பண்ணப் போறீங்க?"

ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். எஸ்தரின் முதலாண்டு நினைவு ஜெபத்தன்று பிரியாணி வெளியிலிருந்து வரும். எண்ணெய்க் கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும் என் கையால். ஒழுங்காக நடந்தால், பாகாயத்தில் நான் இருக்கும் இந்த வீட்டைப் பற்றி அவள் வாய் திறக்கக் கூடாது. தவறினால் நான் பெட்டி கட்ட வேண்டும்.

எஸ்தர் காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான அடிவிளிம்பில் கத்தியை நாலு இழுப்பு இழுத்து, பழந்துணியில் சுற்றி இழுப்பறையில் வைப்பாள். முப்பத்தோர் ஆண்டுகள் தோல் பதனிடும் வேதியியல் கற்பித்த எனக்கு அது முறையாகப் படவில்லை. சாணைக்கல் வாங்கினேன். கோணமானி வைத்து, இருபது பாகை பிசகாமல் தீட்டினேன். (பேத்தி விட்டுட்டுப் போன ஜாமெட்ரி பாக்ஸ்தாங்க, வேற இன்னா?) மூன்று இரும்புக் கத்திகளும் காகிதத்தைத் தொட்டவுடன் அறுத்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தீட்டிய கத்திக்கு உறை வேண்டும் என்று தோன்றியது. என் பழைய மாணவன் இஸ்மாயில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். அவனிடம் கடுக்காயில் பதனிட்ட தோல் கேட்டு வாங்கி, நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு கத்திகளின் மேல் இறுக்கித் தைத்தேன். மூன்று நாள் உலரவிட்டேன். அளவெடுத்த சட்டை போல உறை அமைந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நினைவுநாள் காலையில் கத்திகளை உருவினேன். மூன்றும் தார் பூசியவை போலக் கறுத்திருந்தன. தேய்த்தேன், போகவில்லை. பிடிவாதமாக வெங்காயம் அரிந்து தயிரில் போட்டேன். நீலக்கறுப்பாகக் கோடுகள் ஓடின.

ஆம்பூரிலிருந்து பிரியாணி அண்டாவோடு வந்திறங்கிய இஸ்மாயில் எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார் இது! ஈரக் கடுக்காய்த் தோலுக்குள்ள இரும்பா? இரும்பு பட்டா மையாயிடும்னு மொதல் கிளாஸ்ல நீங்க சொன்ன பாடம் சார்! நீங்க பர்ஸ் தைக்கப் போறீங்கன்னுல்ல நான் நெனச்சேன்."

ஷீபா கதவில் சாய்ந்து நின்றாள். "பெட்டிய எடுக்கட்டுமாப்பா?"

"பந்தி எத்தனை மணிக்கு?"

"ஒண்ணுக்கு."

"மணி பதினொண்ணுதான் ஆகுது. வெளியே போ."

இழுப்பறையில் நாலாவதாக ஒரு சிறு கத்தி இருந்தது. எஸ்தர் கடைசியாகச் சுற்றிவைத்த துணியை நான் அதுவரை பிரிக்கவில்லை. பிரித்தேன். அவளுடைய கோப்பையைக் கவிழ்த்தேன். நாலு இழுப்பு.

ஒரு மணிக்குக் கத்திரிக்காயும், வெண்மை கெடாத பச்சடியும் மேசையில் இருந்தன. என் இடக் கட்டைவிரலில் ஒரு கட்டு இருந்தது. ஷீபா அதைப் பார்த்தாள். பச்சடியை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுப் பேச்சு அதன்பின் எழவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, உங்க கத்தியத் தொட்டு ஹோம்வொர்க் எழுதலாமாமே?" தாராளமாக எழுதலாம் என்கிறேன். கறுத்த மூன்றையும் சமையலறைச் சுவரில், வருகிறவர் கண்ணில் படும்படியே மாட்டியிருக்கிறேன். அந்தக் கறுப்பு துருவை எளிதில் அண்டவிடாது. (அது ரெண்டாவது கிளாஸ் பாடம். இஸ்மாயில் அன்னிக்கு லீவு.)

சிறு கத்தி பழைய துணியில், பழைய இடத்தில் இருக்கிறது. காபியை நான் வேறு கோப்பையில் குடிக்கிறேன்.