என் மடிக்கு என்ன குறை

சோமனூர்

அன்புத் தங்கச்சி மயிலாத்தாளுக்கு, அண்ணன் அங்கப்பன் யாரையும் கெஞ்சாமல் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் டயாலிசிஸ் மிசினும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எருமைகளும் சுகந்தானே. அறிவொளி வகுப்புக்குப் போய் எழுதும் முதல் கடிதம் இது. உன் மகளை மெதுவாகப் படித்துக் காட்டச் சொல், நானும் மெதுவாகத்தான் எழுதினேன்.

நீ சொல்லியனுப்பிய சேதி வந்தது. பேத்தி வர்ஷினிக்கு அவிநாசியில் காதுகுத்து, எனக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதால் நான் தள்ளி நின்று பார்த்தால் போதும், குழந்தையை உன் கொழுந்தன் மகன் கருப்புசாமி மடியில் வைத்துக்கொள்வான் என்று. தாய்மாமனாக உட்கார உனக்கு மகன் இல்லை. உன் மகளுக்குக் காது குத்தியதும் என் மடியில்தான். பேத்திக்கும் என் மடிதான். ஏன் என்று சொல்கிறேன்.

ரத்தத்தில் கிருமி என்று என்னைத் தனி அறைக்கு மாற்றியபோது கண் கலங்கிக்கொண்டுதான் போனேன். உள்ளே பார்த்தால் தனி மிசின், தனி விசிறி, ஜன்னலோரம் வேப்பமரம். பெரிய ஹாலில் மிசினுக்கு வரிசையில் கிடக்கும் நஞ்சுண்டன் எட்டிப் பார்த்து, "ஏனுங்கண்ணா, உங்களுக்கு மட்டும் எப்படிங்க கெடைச்சுது?" என்றார். "அதுக்கெல்லாம் கிருமி வேணுமுங்க" என்றேன்.

வீட்டில்தான் கூத்து. மருமகள் என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தாள், அதோடு விடாமல் கைத்தடியையும் குண்டாவில் போட்டு வேகவைத்தாள், வார்னிஷ் கரைந்து தண்ணீர் நல்ல ரச நிறத்துக்கு வந்ததால் மகன் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டே விட்டான், உப்புப் பத்தவில்லை என்றும் சொன்னான். இரண்டு பேரையும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். "இது ரத்தத்துல பரவுறதுங்க. ஊசி, பிளேடு, பல்லு வெளக்குற பிரஷ்ஷு, இதையெல்லாம் பங்கு போட்டுக்காதீங்க. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாலோ தொட்டாலோ வராதுங்க" என்றார்கள். "எனக்குப் பல்லே இல்லீங்களே" என்றேன். "அப்ப அந்தக் கவலையும் இல்லீங்க" என்றார்கள். எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார்கள். ஊசியைப் பார்த்ததும் மகன் மயங்கி விழுந்தான், என் கட்டிலில் படுக்கவைத்து நான்தான் விசிறினேன்.

ஆகையால் மடி என்னுடையது. ஆசாரியிடம் புது ஊசி கொண்டுவரச் சொல்லிவிட்டேன். கிருமி கிருமி என்று ஒருவன் மடியைப் பார்த்துப் பயப்படுவது படிக்காதவர்கள் செய்கிற வேலை, அம்மணி. அவிநாசியப்பன் புண்ணியத்தில் உன் முழங்கால் வலி குறைந்து, எருமை கிடேரிக் கன்றாகப் போட்டு, எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அண்ணன்
அங்கப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது கருப்புசாமி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். எனக்காக ரத்தம் கொடுக்கப் போனானாம், நல்ல பையன். சோதித்ததில் அவனுக்கும் இதே கிருமி இருக்கிறதாம். "மாமா, உங்க ரூம்லயே எனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லுங்க" என்று சிரிக்கிறான். டாக்டரம்மா சொன்னதெல்லாம் சரிதான். ஆனாலும் பச்சைக் குழந்தை பார். அவன் மடியில் மட்டும் வைத்துவிடாதே. தள்ளி நின்று பார்க்கட்டும்.