ஊரே லைட் அடித்தது

மூன்றாவது வண்டியும் லைட்டை விட்டு விட்டு அடித்துக் காட்டியது.

முதல் வண்டி அடித்தபோது, யாரோ தெரியாமல் பொத்தானைத் தட்டியிருப்பார்கள் என்று ரோவீனா விட்டுவிட்டாள். இரண்டாவதுக்கு, தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று தலையை ஆட்டி வைத்தாள். மூன்றாவதில் விஷயம் விளங்கிவிட்டது. அன்று மத்தியானம்தான் தன் பழைய பைக்கின் ஹெட்லைட்டில் புதிய எல்.ஈ.டி. பல்ப் மாட்டியிருந்தாள்.

"கண்ணு கூசுது. திட்டுறாங்க," என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வேகத்தைக் குறைத்து, குனிந்து ஹெட்லைட்டைப் பார்த்தபடியே மாட்டு நடையில் வீடு போய்ச் சேர்ந்தாள்.

பல்பை ஆசைக்காக மாற்றவில்லை. ஆஸ்திரேலியச் சிற்றூரான மெல்லகூனில் இருக்கிற ஒரே மருந்துக்கடைக்கு அவள்தான் ஒரே மருந்தாளர். ஊருக்குள் வாடகைக்கு ஒரு வீடு கிடையாது. கோதுமை வயல்களுக்கு நடுவே, ஊருக்கு வெகு தொலைவில் ஒரு தகரக் குடிசையைக் கொடுத்து, "அமைதியான இடம்" என்று கம்பெனி சொல்லியிருந்தது. குளிர்காலத்தில் கடை சாத்தும் நேரம்தான் கங்காரு ரோட்டுக்கு வரும் நேரம். போன வாரம் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பழைய விளக்கு மின்மினிக்குத் தம்பி. கங்காரு பாய்ந்து, வேலி தாண்டி, குடும்பத்தோடு சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதனால் பல்ப். அதனால் வெளிச்சம். அதனால் வசவு.

இந்த வாரம் பார்த்துத்தானா இது நடக்க வேண்டும்? இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கிறாயா, கடலோரக் கிளைக்கு மாற்றல் வேண்டுமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லும்படி கம்பெனி கேட்டிருந்தது. இருந்துவிடலாம் என்றுதான் ரோவீனாவுக்கு ஆசை. ஆனால் ஊருக்கு அவளைப் பிடித்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. மெல்லகூன்காரர்கள் கடைக்கு வருவார்கள். சீட்டை நீட்டுவார்கள். "ம்" என்பார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு இன்னொரு "ம்" போட்டுவிட்டுப் போவார்கள். ஆடுகளோடு பேசிப் பேசி மனிதர்களுக்கு மிச்சம் வைக்காத ஊர்.

மறுநாள் காலையில் பைக்கைக் கிளைவிடம் கொண்டுபோனாள். வருடாவருடம் வண்டிகளைப் பரிசோதித்து, ரோட்டுக்கு ஆகும், ஆகாது என்று கையெழுத்துப் போடுகிற மெக்கானிக் கிளைவ். லைட்டைப் போட்டுப் பார்த்தவர், ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் தடவி அணைத்தார்.

"இது ரோட்டுக்கு ஆகாதும்மா."

"ஏன்? நல்லா வெளிச்சமா இருக்குல்ல?"

"வெளிச்சமா? வெல்டிங் பண்ணலாம். இந்தக் கிண்ணம் கம்பி பல்புக்குன்னு செஞ்சது. இதுல இதக் கொண்டுபோய்ச் சொருகினா வெளிச்சம் கட்டுக்குள்ள நிக்காது, நாலாபக்கமும் தெறிக்கும். சட்டப்படி தப்பு. செக்கிங்குக்கு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசுமா?"

"கூசாம? கங்காருவே கூலிங்கிளாஸ் கேக்கும்."

அவ்வளவுதான்.  தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் ரோவீனா. எங்கே எது கோணலானாலும் அது தன் தப்பாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பயிற்சியைக் கல்லூரி அவளுக்குப் பட்டத்தோடு இலவசமாகக் கொடுத்து அனுப்பியிருந்தது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து படித்தவனெல்லாம் ஊர் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கவலையே இல்லாமல் போகிறான். இவளுக்கு ஒரு பல்புக்கே தூக்கம் போயிற்று.

"சட்டப்படி என்ன செய்யணும்?"

"கிண்ணத்தோட முழு ஹெட்லைட்டையும் மாத்தணும். அரசாங்க முத்திரை இருக்குற செட். சிட்னியிலேர்ந்து வரணும். அவங்களுக்கு நம்ம ஊர் எங்க இருக்குன்னு தெரிஞ்சு, அனுப்பி, அது வந்து சேர..." கிளைவ் வானத்தைப் பார்த்தார். "அதுவரைக்கும் பழைய பல்பயே போட்டுக்கோ."

"அதப் போட்டா கங்காருகிட்ட முட்டிதான் ரோடு கண்டுபிடிக்கணும்."

"சரி, லைட்டோட மூக்கைக் கொஞ்சம் கீழ இறக்கித் தர்றேன். நான் இறக்கினேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

அன்று மாலை ஐந்து வண்டிகள் லைட் அடித்தன.

எல்லாம் ஒரே இடத்தில். ரயில் பாதையோரம் வானத்தை இடித்துக்கொண்டு நிற்கிற பழைய கோதுமைக் குதிர்களுக்குக் கொஞ்சம் முன்னால். குதிர்களைத் தாண்டிவிட்டால் ஈ காக்காய் கிடையாது. கடைசியாக வந்தது லெஸ்டரின் பிக்கப் வண்டி. நாய்க்குப் பூச்சி மருந்து வாங்குவதற்கு மட்டுமே கடைக்கு வருகிற மனுஷன். லைட் அடித்தது போதாதென்று, பக்கத்தில் வந்ததும் கட்டைவிரலைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் காட்டி, காட்டி, மறுபடியும் காட்டினார். நாயும் அவளைப் பார்த்து ஒரு தடவை குரைத்தது.

வந்த வழியே போ என்று இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷனும் நாயும் சேர்ந்து சொல்ல முடியாது.

"நாய்க்கு உண்ணிக்குப் பவுடர் இலவசமாக் குடுத்தேனே லெஸ்டர்," என்றாள் ரோவீனா, காற்றிடம்.

மறுநாள் அவளே திருப்புளியை எடுத்து விளக்கின் மூக்கை இன்னும் இறக்கினாள். மேல் பாதியில் கறுப்பு டேப் வேறு ஒட்டினாள். இப்போது வெளிச்சம் பூராவும் முன்சக்கரத்தின் மேல் விழுந்தது. உலகத்திலேயே மிகப் பிரகாசமான டயர் அவளுடையதுதான். அதற்கு முன்னால் ரோடு என்ற ஒன்று இருக்கிறதா என்பது மட்டும் தெரியவில்லை.

அன்றைக்கும் லைட் அடித்தார்கள். அதோடு எதிரே பைக்கில் வந்த ஒருவன், கையைத் தூக்கித் தன் ஹெல்மெட் உச்சியைப் 'பட் பட்' என்று தட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

"மண்டையில ஏதாவது இருக்கான்னு கேக்குறான்! பைக்காரனே பைக்காரியக் கேக்குறான்!"

கோபத்தில் அவன் போன திசையையே திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டியதில், ஹோப்வுட் வீட்டுத் தபால் பெட்டியின் மேல் நேராகப் போய் ஏறினாள். பழைய மைக்ரோவேவ் அடுப்பைக் கம்பத்தில் கட்டிவைத்த தபால் பெட்டி. கதவு தனியாக, அடுப்பு தனியாக, கரண்ட் பில் தனியாகப் பறந்தது.

வெள்ளிக்கிழமை காலை டல்சி ஹோப்வுட் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வந்தபோது, ரோவீனா தானாகவே முந்திக்கொண்டாள்.

"மிஸஸ் ஹோப்வுட், உங்க தபால் பெட்டிய இடிச்சது நான்தான். காசு குடுத்துடறேன்."

"அட, அது கெடக்குது கண்ணு. எங்க வீட்ல ஓடாத டோஸ்டர் ஒண்ணு இருக்கு, அதக் கட்டிக்கறோம். உனக்கு அடி கிடி படலயே?"

இவ்வளவு இனிப்பாகப் பேசுகிற வாய்! ரோவீனாவுக்குப் பொறுக்கவில்லை. நேற்று லைட் அடித்த வண்டிகளில் இந்த அம்மாவுடைய பச்சை வண்டியும் ஒன்று.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நேத்து எனக்கு லைட் அடிச்சது நீங்கதானே?"

"ஆமா, நாங்கதான்." அந்த அம்மா முகத்தில் ஒரு சின்ன வெட்கம்கூட இல்லை. "உன்னப் பாத்துட்டு அடிக்காமப் போக முடியுமா? எங்க வீட்டுக்காரர் மறந்துட்டார்னா, தோள்ல ஒண்ணு போட்டு, அடிய்யா அடின்னு நான் சொல்லுவேன்."

"முந்தாநாளும்?"

"முந்தாநாளும்தான். ஊரே அடிக்குதே. லெஸ்டர் கையக்கூடக் காட்டினானாமே? பாவம், அவனுக்கு உன்மேல அவ்வளவு இது."

"இன்னிக்கும் அடிப்பீங்களா?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை கண்ணு. இன்னிக்கு அடிக்காம என்னிக்கு அடிக்கிறது?" என்று சொல்லி, மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு "ம்"மும் போட்டுவிட்டு டல்சி போய்விட்டாள்.

முதுகில் குத்துகிறவர்களை ரோவீனாவுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு, எந்தெந்தக் கிழமையில் குத்துவோம் என்று சொல்லிவிட்டுக் குத்துகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறாள்.

கடைசியாக ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. கடை வாசலிலேயே பைக்கை நிறுத்தி, எல்.ஈ.டி. பல்பைப் பிடுங்கிப் பழைய பல்பை மாட்டினாள். டேப்பை உரித்தாள். மூக்கை நிமிர்த்தினாள். பழைய மின்மினி மறுபடியும் பிறந்தது. இனி ஒருவன் கண்ணும் கூசாது. இதற்கும் மேல் லைட் அடித்தால், விளக்கு பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அவளைத்தான் பிடிக்கவில்லை.

ஆனால் அவசரத்தில் ஒரு தப்பு செய்திருந்தாள். பழைய ஹாலோஜன் வகை பல்பின் கண்ணாடியில் வெறுங்கை படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டினால், அந்த இடம் சூடேறிச் சீக்கிரமே உயிரை விடும். பல்ப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. நாள் முழுக்க மற்றவர்களுக்கு மருந்துப் பெட்டியைப் படித்துப் படித்துச் சொல்கிறவள் பல்ப் பெட்டியைப் படிக்கவில்லை.

குதிர்களுக்குக் கொஞ்சம் முன்னால் முதல் வண்டி வந்தது. அடித்தது. இரண்டாவது, அடித்தது. பச்சை வண்டி, சொன்ன வாக்குத் தவறாமல் அடித்தது. கண்ணாடிக்குள் டல்சி கணவரின் தோளில் ஒன்று போடுவதுகூடத் தெரிந்தது.

ரோவீனா ஓரமாக நிறுத்தினாள். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, போனை எடுத்து, "எனக்கு மாற்றல் கொடுங்கள். மெல்லகூன் வேண்டாம்," என்று கம்பெனிக்குத் தட்டி, அனுப்பு என்பதை அமுக்கினாள். அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. போகாமல் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றட்டும். வீட்டு மேட்டில் ஏறினால் தானாகப் போய்ச் சேரும்.

கிளப்பிக் கொஞ்ச தூரம் போயிருப்பாள். 'டப்' என்றது. மின்மினி செத்தது.

இருட்டில் உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு குதிர்களைக் கடந்தாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக, இரண்டு குதிர்களுக்கு நடுவிலிருந்து சிவப்பும் நீலமுமாக ஒரு வெளிச்சம் சுழன்றுகொண்டு வெளியே வந்தது.

கான்ஸ்டபிள் பார்னபி. வாராவாரம் நெஞ்செரிச்சல் மாத்திரை வாங்குகிறவர்.

"ரோவீனாவா? லைட் எங்கம்மா?"

"செத்துப்போச்சு."

"லைட் இல்லாம ரோட்டுக்கு வர்றது குத்தம்."

"லைட் இருந்தாலும் குத்தம்னுதானே ஊரே சொல்லுது!" அவள் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "பல்ப் மாட்டினேன், அடிச்சாங்க. இறக்கினேன், அடிச்சாங்க. டேப் ஒட்டினேன், அடிச்சாங்க. இன்னிக்குப் பழைய பல்பு, இன்னிக்கும் அடிக்கிறாங்க! லெஸ்டர் ஊரவிட்டுப் போன்னு கைய காட்டுறாரு. ஒருத்தன் மண்டையத் தட்டிக் காட்டுறான். போறேன். மாத்தல் கேட்டாச்சு. நீங்களும் எழுதுங்க அபராதம், எழுதுங்க!"

பார்னபி எழுதவில்லை. தன் வேகக் கருவியை அவளுக்குத் திருப்பிக் காட்டினார். அவள் வந்த வேகம் பதினெட்டு என்றிருந்தது.

"ஆறு வருஷமா இந்தக் குதிருக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். மாட்டுறது பூரா வெளியூர் நம்பர். இந்த ஊர்க்காரன் ஒருத்தன் நூறைத் தாண்டி இங்க வந்ததில்ல. குதிருக்கு அந்தப் பக்கம் வரைக்கும் பறக்குறானுங்க. இங்க வந்தா சவ ஊர்வலம். எப்படின்னு நெனக்கிற? அங்க பாரு."

ஒரு பிக்கப் வண்டி அவர்களைக் கடந்து ஊர்ப் பக்கம் போனது. தூரத்தில் எதிரே ஒரு வண்டியின் வெளிச்சம் தெரிந்ததும், பிக்கப் இரண்டு தடவை லைட் அடித்தது. எதிரே வந்தது உடனே வேகம் குறைந்து, ஞானஸ்நானத்துக்குப் போகிற குழந்தை மாதிரி மெதுவாக அவர்களைக் கடந்தது. ஓட்டியவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் கான்ஸ்டபிளுக்கு வணக்கம் வேறு சொன்னான்.

"லெஸ்டர் கட்டைவிரல பின்னாடி காட்டினாருல்ல?" என்றார் பார்னபி. "பின்னாடி நான் இருக்கேன்னு அர்த்தம். மண்டையத் தட்டினது..." தன் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். "பைக்காரங்க பாஷை. தொப்பிக்காரன் நிக்கிறான், பாத்துப் போன்னு. வெள்ளிக்கிழமைன்னா நான் நிச்சயம் இருப்பேன், அதான் அன்னிக்கு ஜாஸ்தி."

 டயர், டேப், மைக்ரோவேவ் எல்லாம் வரிசையாக ரோவீனாவின் கண் முன்னால் போயின. ஆனாலும் அவ்வளவு சீக்கிரம் சமாதானமாகிற ஜென்மம் இல்லை அவள். கையில் போன் இருந்தது. வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"சரி, எச்சரிக்கைதான். அதனால என்ன? எல்லாருக்கும் அடிக்கிறாங்க, எனக்கும் அடிச்சாங்க. ரோட்ல ஆடு போனாலும் அடிப்பாங்க. அதுக்காக என்னைப் புடிச்சிருக்குன்னு ஆயிடுமா?"

"எல்லாருக்குமா?" என்றார் பார்னபி. தொப்பியைக் கழற்றிப் பைக்கின் சீட் மேல் வைத்தார். 

"போன மாசம் லீவுல என் சொந்தக் கார்ல போறேன், பக்கத்து ஊர் போலீஸ்காரன் மறைஞ்சு நின்னு என்னையே புடிச்சு அபராதம் எழுதிட்டான், அதுக்கு முன்னாடி எதிர்ல நம்ம ஊர் வண்டி அத்தனை வந்துச்சு ரோவீனா, ஒருத்தன்கூட எனக்கு லைட் அடிக்கல."