காட்டுமாட்டுக்கு நான் திறந்துவிட்ட வாசல்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் நான் முழுச் சத்தத்தோடு பேசுவேன். அறிவியல் வாத்தியாராக இருபது வருடம் ஓட்டியதில் வந்த வியாதி. வகுப்பறைக்குள் இதனால் பெரிய சேதமில்லை (பிள்ளைகள் கவனிப்பதில்லை). வீட்டுத் தோட்டத்தில் நின்று பேசியபோதுதான் பக்கத்து வீட்டுக்காரரின் மூன்று மாத உழைப்பு போயிற்று.

மதுரையிலிருந்து மாற்றலாகி, பெருமாள்மலைக்குச் சற்று மேலே ஒரு வாடகை வீட்டில் மனைவி, மகளோடு குடியேறிய முதல் வருடம் அது. வீட்டுக்குப் பின்னால் சரிவாக இறங்கும் தோட்டம். அதன் அடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரே முள்புதர். வளைந்து மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் பிடிக்கும் கொடி, கறுப்பாகக் குட்டிக் குட்டிப் பழம். புதருக்கு அந்தப் பக்கம் சோலைக்காடு. எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா தோட்டத்துக்கும் நடுவில் வேலி கிடையாது, ஒரு வரப்புதான்.

ராசம்மா அக்கா குழந்தையாக இருந்தபோது அவருடைய குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தது. முப்பது வருடம் அடுத்தவர் தோட்டங்களில் கூலிக்குக் களை பறித்தவர், அந்த வருடம்தான் முதன்முதலாகத் தன் சொந்தத் துண்டு நிலத்தில் கேரட் போட்டிருந்தார். காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். பிடுங்குவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்ச் செடிகள் இந்த மலையை எப்படி அழிக்கின்றன என்று பள்ளியில் ஒரு உரை ஆற்றினேன். கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்கு அதிகம் கைதட்டல் கிடைத்ததில்லை, அதனால் தலைக்கு ஏறிவிட்டது. அன்று மாலையே தோட்டத்தில் நின்று, "இந்த முள்ள ஒரு வாரத்துல இல்லாம ஆக்குறேன்" என்று அறிவித்தேன்.

வரப்பில் நின்றிருந்த ராசம்மா அக்கா பதறிப்போனார்.

"கீழ்ப்பக்கம் மட்டும் கை வைக்காதீங்க தம்பி. சோலைக்குள்ள காட்டுமாடு கெடக்கு. இந்த முள்ளு இருக்கப்போயித்தான் அது சுத்திக்கிட்டு அங்கிட்டே போயிருது."

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம்போல் இருக்கிறது.)

"அக்கா, காட்டுமாடு எம்மாம் பெரிய மிருகம்! அது வரணும்னு நெனச்சா இந்த முள்ளெல்லாம் ஒரு தடையா? இது நம்ம மண்ணோட செடியே இல்லக்கா. எங்கிருந்தோ வந்து இங்க எடத்தப் புடிச்சிக்கிட்டது."

அக்கா புதரைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கிருந்து வந்தா என்ன தம்பி. வந்த எடத்துல ஒரு சோலியப் பாத்துக்கிட்டுத்தானே நிக்குது."

யாரிடம் என்ன பேசுகிறோம் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை. "அறிவியல் அப்படிச் சொல்லலக்கா" என்றேன்.

சனிக்கிழமை காலை களத்தில் இறங்கினேன். தலையில் ஹெல்மெட், உடம்பில் மழைக்கோட்டு, கையில் என் மனைவி செல்வி பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. "முள்ளு வெட்டப் போறீங்களா, நிலாவுக்குப் போறீங்களா?" என்று கேட்டாள் செல்வி. பத்தாவது நிமிடம் ஈர மண்ணில் கால் வழுக்கி, மல்லாந்து புதருக்குள் போய் விழுந்தேன். மழைக்கோட்டை நூறு முள் பிடித்துக்கொண்டது. திமிறத் திமிற இன்னும் நூறு. "செல்வி!" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, நான் மறுபடி யாருக்கோ உரை ஆற்றுகிறேன் என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

ராசம்மா அக்காதான் அரிவாளோடு ஓடிவந்தார். "ஆடாதீங்க தம்பி, ஆடுனா இன்னும் புடிக்கும்" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு கொடியாக அறுத்து என்னை வெளியே எடுத்தார். மழைக்கோட்டின் ஒரு கை அங்கேயே தங்கிவிட்டது. கொஞ்சம் மானம் உள்ளவன் அத்தோடு நிறுத்தியிருப்பான். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே பெருமாள்மலையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து, பொழுது சாய்வதற்குள் வேரோடு தோண்டி எரித்தேன். வெறும் சரிவைப் படமெடுத்து, "மலையை மீட்டாச்சு" என்று எழுதி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ராசம்மா அக்கா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் வெள்ளனே செல்வி என்னை உலுக்கினாள். "ஏங்க, வெரசா எந்திரிங்க. கேரட்டுக்குள்ள மாடு!"

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏழு காட்டுமாடுகள். நான் சுத்தம் செய்த சரிவில் ஏறி, என் தோட்டத்தைக் கடந்து (அங்கே தின்ன ஒன்றுமில்லை), வரப்பைத் தாண்டியிருந்தன. அவசரமே இல்லாமல், பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டார் மாதிரி நின்று மேய்ந்தன. கிட்டே யார் போக முடியும்? ராசம்மா அக்கா தன் வீட்டுப் படியில் நின்று ஒரு தட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் வந்த பிறகுதான் அவை வந்த வழியே இறங்கிப் போயின. தின்றது பாதி, மிதித்தது மீதி.

என்ன பேசுவது என்று நாலைந்து வாக்கியம் தயார் செய்துகொண்டுதான் போனேன். அக்கா குந்தி உட்கார்ந்து சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். தயார் செய்ததெல்லாம் போய், "அக்கா, நான் எதாவது பண்றேன்க்கா" என்றுதான் வாயில் வந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும் தம்பி" என்றார், தலை நிமிராமல்.

அன்று சாயங்காலம் ஒரு பாத்திரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கழுவிய கேரட் துண்டுகள், எல்லாம் முறிந்தவை. "இது விக்க ஆகாது. பாப்பாவுக்கு அல்வா கிண்டிக் குடுங்க" என்று செல்வி கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த அல்வாவை நானும் சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது, அது இன்னொரு கேவலம். அடுத்த திங்கட்கிழமை அக்கா மறுபடியும் அடுத்தவர் தோட்டத்துக்குக் களை பறிக்கப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

பிராயச்சித்தமாக முள்ளைத் திரும்ப நடத் தொடங்கினேன். ரோட்டோரம் கிடந்த கொடிகளை வெட்டிவந்து, குழி தோண்டி, எரு போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். யார் எங்கே வீசினாலும் முளைக்கிற அந்தச் செடி என் கையால் நட்டதும் ஒன்று விடாமல் கருகிச் செத்தது. கடைசியில் ராசம்மா அக்கா வந்து நாலு குச்சியைச் சும்மா சொருகிவிட்டுப் போனார். இரண்டே மழையில் அடைத்துக்கொண்டது. அடுத்த வருடம் கேரட்டும் போட்டார்.

இன்றும் தெருவில் அந்த இடத்துக்கு 'வாத்தியார் வாசல்' என்றுதான் பெயர். ஒவ்வொரு வருடமும் முதல் கேரட்டில் ஒரு பை எங்கள் வீட்டுக்கு வரும், அல்வா கிண்டியதும் அக்காவும் வந்து உட்காருவார். கிண்ணத்தை என் முன்னால் வைக்கும்போதெல்லாம் என் மகள் கேட்பாள், "அப்பா, இது மாடு சாப்பிட்டது போக மிச்சமா?" ராசம்மா அக்காதான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். முதல் கரண்டியை மட்டும் இன்னமும் அக்கா முகத்தைப் பார்க்காமல்தான் சாப்பிடுவேன்.