வெண்ணெய் அக்காவும் காலிச் சிப்பி ஓடும்

எந்த உணவோடு எந்த ஒயினைக் குடிப்பது என்பதில் பொதுமக்களிடையே நிலவிவந்த கட்டுப்பாடற்ற போக்கை ஒழிக்கும் பொருட்டு, பானப் பொருத்தத் துறை என்று ஒன்று தொடங்கப்பட்டது. முதல் கட்டமாக ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை ஒயினை எடுத்துக்கொண்டார்கள். அதைத்தான் எல்லாரும் குடித்தார்கள். தொல்லை கொடுக்க வசதி.

அட்டவணை சுருக்கமானது. மரப்பீப்பாயில் ஊறாத ஷார்டனே மெலிசாக, எலுமிச்சை வாசத்தோடு இருக்கும். அதற்கு ஓடுள்ள கடலுணவு. பீப்பாயில் ஊறியது கனமாக, வெண்ணெய் மணத்தோடு இருக்கும். அதற்கு வெண்ணெயில் சமைத்த கோழி. மீறினால் கடைக்குச் சீல். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டார்கள்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் வெண்ணெய் அக்கா. ஆறே மேசை போட்ட சாப்பாட்டுக் கடை அவளுடையது. பன்னிரண்டு வருஷமாக அங்கே பேர்போனது ஒன்றுதான்: வெண்ணெயில் பொரித்த மீன், கூடவே பீப்பாயையே பார்க்காத ஷார்டனே ஒரு கிளாஸ். அவள் பொரிப்பாள், புருஷன் ஊற்றுவார். வெள்ளிக்கிழமைக்குள் உரிமத்தில் முத்திரை விழாவிட்டால் ரெண்டு பேரும் நடுத்தெருவில்தான்.

ஆய்வாளர் வந்தார். மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வெண்ணெய் இருப்பதால் பீப்பாய் ஒயின் வேண்டும். கோழி இல்லாததால் அது கூடாது. கடலுணவு என்பதால் மற்ற ஒயின் சரி; ஓடு இல்லாததால் அதுவும் கூடாது. ஆகவே இப்படியோர் உணவு இருப்பதற்கே வாய்ப்பில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"பன்னெண்டு வருஷமா ஜனங்க சாப்பிடுறாங்களே சார்," என்றாள் அக்கா.

"சாப்பிடட்டும்மா. அட்டவணையில இடம் வேணும்ல?"

ஆனாலும் மனுஷன் கல்நெஞ்சக்காரர் இல்லை. நெற்றியைத் தேய்த்து யோசித்தவர், கடைசியில் தட்டோரமாகக் காலிச் சிப்பி ஓடு ஒன்றை வைக்கச் சொன்னார். வைத்தாள். 'ஓட்டுடன் கூடிய கடலுணவு' என்று எழுதி முத்திரை குத்தினார். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு விட்டதா? ஓடு எதற்கு என்று ஒரு வாடிக்கையாளர் கேட்க, புருஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அதை மோந்துவிட்டு ஒயினைக் குடித்தால் வித்தியாசம் தெரியும் என்று அளந்துவிட்டார். மறுவாரமே பத்திரிகையில் ரசனைக்காரர் ஒருவர் 'ஓட்டின் மௌனம் ஒயினைப் பேசவைக்கிறது' என்று எழுதினார். வாசலில் வரிசை நின்றது. மோந்தவர்கள் கண்ணை மூடினார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் மூடினார்கள். அடுப்படியில் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாம் மாதம் சுற்றறிக்கை வந்தது. பொரித்த மீனுக்கு அட்டவணையில் தனி இடம் தரப்பட்டுள்ளது; இனி உண்ண இயலாத பொருளைப் பரிமாறுவது பொதுமக்களை ஏமாற்றுவதாகும்; ஓடு தென்பட்டால் சீல். அக்கா அத்தனை ஓட்டையும் கூடையோடு அள்ளிப் பின்கட்டில் கொட்டினாள். அதே மீன், அதே ஒயின். ஆனால் கூட்டம் மட்டும் இல்லை. ஒரு வாரமாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஈ ஓட்டினார்கள். இப்படியே போனால் துறை எதற்கு, நாமே பூட்டிவிடலாம் என்றார் புருஷன்.

அன்றைக்குத்தான் ஆய்வாளர் சோதனைக்கு வந்தார். ஓடு இல்லை என்று குறித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் மீன், ஒரு மடக்கு ஒயின். முகம் வாடிப்போனது.

"என்னமோ குறையுதும்மா," என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையில் பொதிந்த சிப்பி ஓட்டை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "நீங்க பரிமாறலையே. இது என் சொந்த உடைமை." மோந்தார், கண்ணை மூடினார்.

விஷயம் எப்படியோ பரவி, மறுநாளே வாசலில் பழையபடி வரிசை. எல்லார் பையிலும் ஓடு. கடை பிழைத்தது. பைத்தியக்கார உலகம் என்று சிரித்துக்கொண்டே, மதியக் கூட்டம் கலைந்ததும் அக்கா தன் தட்டோடு உட்கார்ந்தாள். ரெண்டு வாய் சாப்பிட்டாள். ஏனோ சப்பென்று இருந்தது.

எதிரே இருந்த புருஷன் தன் சட்டைப் பையைத் துழாவினார்.

"கழுவித்தான் வெச்சிருக்கேன்," என்று நீட்டினார்.

அக்கா அவரை முறைத்தாள். அப்புறம் வாங்கி மோந்தாள்.