பாலம் தாண்டாத மிட்சுரு

முதுவேனில் தன் கடைசி வெம்மையையும் நகோயா நகரின்மேல் சொரிந்துவிட்டு, விடைபெற மனமின்றி நின்ற நாள்கள் அவை. விடியலிலேயே சிள்வண்டுகள் ஓதத் தொடங்கின. நண்பகலில் அவ்வோதல் ஒரு சுவர்போல் எழுந்து நின்றது. குளங்களில் நீர் இறங்கியிருந்தது. தாமரை இலைகள் மட்டும் குடை பிடித்திருந்தன. இறந்தோர் தம் இல்லம் திரும்பும் ஓபோன் நாள்கள் வந்துவிட்டமையால், கடைத்தெருவின் ஆரவாரத்திலும் ஓர் அடக்கம் புகுந்திருந்தது. வாசல்தோறும் காற்று யாருக்காகவோ காத்திருந்தது.

ஓபோன் முதல் நாளின் புனிதக் காலையில்தான், காய்ச்சல் ஒருமுறை கொண்டுபோன மைத்துனனை எய்ஜி இரண்டாம் முறை தொலைத்தார்.

எய்ஜி குடிநீர் அலுவலகத்து ஊழியர். மாமியார் வீட்டோடு மாப்பிள்ளை. மனைவி சனாயேயின் தம்பி மிட்சுரு பள்ளிப் பருவத்திலேயே மறைந்தவன். அவன் விட்டுச்சென்றது ஒரு வீடியோ கேம் கேசட். அதன் முதுகில் கோணல்மாணலாக அவன் பெயர். உள்ளே, அவன் பெயரே சூடிய ஒரு வீரன். ஆண்டுதோறும் ஓபோன் முதல் மாலையில், வாசலில் வரவேற்புத் தீ மூட்டியபின், சனாயே அக்கேசட்டைப் பழைய விளையாட்டுப் பெட்டியில் செருகுவாள். திரையில், முதல் ஊரின் பாலத்தருகே, மூன்றாம் நிலையில், அவ்வீரன் நிற்பான்.

"கடற்கரைக் கோட்டையைப் பிடிச்சுட்டேன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டான். இன்னும் பாலத்தையே தாண்டலை, புளுகன்!" என்று சிரிப்பாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை நிறுத்துவாள். அவள் செய்யும் வழிபாடு அவ்வளவே.

வீரனைக் காத்து வந்தது காசளவு பேட்டரி ஒன்று. அது என்றேனும் தீர்ந்துவிடுமே என்ற அன்பு மேலிட்டு, எய்ஜி கேசட்டைத் திறந்து புதிய பேட்டரியைப் பற்றவைக்கப் போனார். பழையதைக் கழற்றிய கணமே வீரன் மாண்டான். ஈயம் உருக்கும் கோலின் சூட்டில் உள்தகடும் கருகியது; முதுகில் இருந்த பெயரும் உருகிப்போயிற்று.

"சனாயே, ஊதுபத்தி வாங்கிட்டு வந்துடறேன்."

"வீட்ல ரெண்டு கட்டு இருக்கே?"

"அது போன வருஷத்துது."

"செத்தவங்களுக்குமா புதுசு பழசு? சரி, வெள்ளரிக்காயும் கத்திரிக்காயும் வாங்கிட்டு வாங்க. குதிரையும் மாடும் செய்யணும்."

எய்ஜி ஓசுக் கடைத்தெருவுக்கு ஓடினார். முதல் பழம்பொருள் கடையில் அதே கேசட், கண்ணாடிப் பேழைக்குள் மாசற்று வீற்றிருந்தது.

"முன்னாடி விளையாடினவங்க சேமிச்சதெல்லாம் உள்ளே இருக்குமா?"

"சேச்சே! அழிச்சு, துடைச்சுத்தான் விக்கிறோம். பழைய ஆளோட அழுக்கு ஒரு துளி இருக்காதுங்க."

"எனக்கு அந்த அழுக்குதான் வேணும்" என்று எய்ஜி வெளியேறினார்.

அடுத்த கடை மாடியில் இருந்தது. உறையிழந்த கேசட்டுகள் கூடை கூடையாகக் குவிந்து கிடந்தன. கடைக்காரி கினுயோ விசிறியை நிறுத்தாமலே கேட்டாள்:

"என்ன தேடறீங்க அண்ணே?"

"பேர் எழுதினது."

"எல்லாரும் பேர் இல்லாததைத்தான் கேப்பாங்க. நீங்க என்ன தலைகீழா? வெயில் ஏறிடுச்சு போல. இந்தாங்க, பார்லித் தண்ணி குடிங்க."

எய்ஜி கூடைக்குள் தோள்வரை மூழ்கினார். ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களெல்லாம் அவர் விரலிடுக்கில் கடந்தன. ஒன்றில், 'இது யோஷியோவுடையது, தொட்டால் உதை' என்றிருந்தது. எய்ஜி பதறி அதைக் கீழே வைத்தார். மூன்றாம் கூடையின் அடியில், அதே விளையாட்டு. முதுகில் கோணல் எழுத்தில், 'மிட்சுரு'.

"கிடைச்சுட்டான்!" என்று அவர் கூவியதில் விசிறி நின்றது.

நாட்டில் எத்தனையோ மிட்சுரு. எந்த வீட்டுப் பிள்ளையாயிருந்தால் என்ன? ஒரு குறைதான்: மூலையில் எலி கடித்தாற்போல் ஒரு வடு. அதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். கினுயோ கேசட்டைக் கடையின் விளையாட்டுப் பெட்டியில் செருகினாள். திரை ஒளிர்ந்தது. அலையடிக்கும் கோட்டைமேல், முப்பதாம் நிலையில், பொற்கவசம் அணிந்து நின்றான் மிட்சுரு.

எய்ஜியின் முகம் வாடியது. "இவன் ரொம்பப் பலசாலியா இருக்கானே."

"அதுக்கென்ன?"

"எனக்குக் கொஞ்சம் சோப்ளாங்கி மிட்சுரு வேணும்."

கினுயோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ அழிச்சுட்டு மொதல்லேர்ந்து ஆடுங்க. அந்தப் பொத்தான்தான், அமுக்குங்க."

எய்ஜியின் கட்டைவிரல் பொத்தான்மேல் சென்று நின்றது. யாரோ ஒரு சிறுவன் ஒரு கோடை முழுவதும் வெயிலைக்கூடப் பாராமல் அமர்ந்து ஈட்டிய கோட்டை. இன்று காலை ஒருவனை அழித்தாயிற்று, மாலைக்குள் இன்னொருவனா? அவரால் இயலவில்லை.

"இருக்கட்டும். இப்படியே கட்டிக் குடுங்க."

வீட்டில் அரம் கொண்டு மூலை வடுவைத் தேய்த்தார். அது வெளுத்துப் பல்லிளித்தது. வெளுப்பை மறைக்கச் சோயா சாஸ் தடவினார். கேசட் பலகாரம்போல் மணந்தது. மணத்தைப் போக்க ஊதுபத்திப் புகை காட்டினார்; புகை கூடம்வரை பரவியது.

"மாப்பிள்ளே, சாமி மாடத்துல யாரு அப்பம் சுடறது?" என்று உள்ளேயிருந்து கேட்டார் மாமியார் உமெனோ.

"ஒண்ணுமில்ல அத்தே!"

மாலை வந்தது. வாசலில் சணல் தண்டுகள் எரிந்து அடங்கின. இறந்தோர் விரைந்து வர வெள்ளரிக் குதிரையும், பிரிய மனமின்றி மெல்லத் திரும்பக் கத்திரி மாடும் மாடத்தில் நின்றன. சனாயே கேசட்டைச் செருகினாள்.

"என்னடா, இந்த வருஷமாவது பாலம் தாண்டினியா?"

திரையில் கடல் அலையடித்தது.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. எய்ஜி பாயில் நெற்றி பட விழுந்தார். பேட்டரி, ஈயம், கூடை, அரம், சோயா சாஸ் என ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அப்போ என் தம்பி?" சனாயேயின் குரல் உடைந்தது. "அவன்னு சொல்லிக்க அது ஒண்ணுதானேங்க இருந்துது."



உமெனோ தவழ்ந்து வந்து பெட்டியை நிறுத்தினார். கேசட்டை உருவி மூலையைக் கட்டைவிரலால் தடவினார். ஒருமுறை, மறுமுறை.

"பல்லு" என்றார்.

"என்னம்மா?"

"கோட்டையில தோத்த அன்னிக்கு ஆத்திரத்துல கடிச்சான். முன்பல்லுல ஒரு சில்லு உடைஞ்சு போச்சு. நான்தான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன்."

"பல்லு உடைஞ்சது தெரியும், இதைக் கடிச்சது எனக்குத் தெரியாதே!"

"உன்னை எங்கே தொட விட்டான்? அவன் போனப்புறம், நீ ஓசாக்காவுக்கு வேலைக்குப் போன வருஷம், மார்கழியில வீட்டைச் சுத்தம் பண்றப்போ, உள்ளே என்ன இருக்குன்னு பாக்காம ஒரு அட்டைப்பெட்டியை அப்படியே பழைய சாமான் கடையில போட்டுட்டேன். அடுத்த ஓபோனுக்கு நீ வந்து கேட்டே. ஓசு முழுக்க அலைஞ்சேன், கிடைக்கலை. வேற ஒண்ணு வாங்கி, இடது கையால பேர் எழுதி, நானே உக்காந்து ஆடினேன். அந்தப் பாலத்துப் பக்கம் போனாலே அடிச்சுப் போட்டுடறாங்கடி, நான் என்ன பண்ணுவேன்?"

உமெனோ கேசட்டை மகளின் மடியில் வைத்தார்.

"புளுகினது மிட்சுரு இல்லடி சனாயே. நான்."

சனாயே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பிடிச்சுட்டானாம்மா கோட்டையை" என்று மட்டும் சொன்னாள்.

எய்ஜி எழுந்தார். கேசட்டை அவள் கையிலிருந்து இரு கைகளாலும் ஏந்தி வாங்கி, மாடத்தில், வெள்ளரிக் குதிரையின் அருகே வைத்தார். ஓர் ஊதுபத்தி ஏற்றினார். மணியாய் ஒலிக்கும் வெண்கலக் கிண்ணத்தை மெல்லத் தட்டினார். அதன் நாதம் அடங்கும்வரை மூவரும் கைகூப்பியிருந்தனர்.

உமெனோ மருமகனின் குனிந்த தலைமேல் கைவைத்தார்.

"வழி தெரிஞ்சு வந்தவனும் நல்லா இருக்கட்டும். கூட்டிட்டு வந்தவனும் நல்லா இருக்கட்டும்."