நாற்பது பேரின் ஒரே தப்பு

வாடிப்பட்டி,
21.1.2003

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை விருமாண்டி அவர்களுக்கு மச்சான் மலையாண்டி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்ள, எங்கள் எஸ்தர் டீச்சரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லிப் போன மாதம் உங்கள் கல்வி ஆபீசில் ஒரு மனு கொடுத்தேனே, அது வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரியிடம் கையெழுத்துக்குப் போகிறது என்று போனில் சொன்னீர்கள். போகக் கூடாது. உங்கள் மேசையிலேயே கிழித்துப் போடுங்கள்.

நடந்தது இதுதான். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் வாத்தியார்கள் நாங்களெல்லாம் என்ன செய்வோம், மார்க்கைக் கூட்டிப் போட்டு பேப்பரைக் கட்டிப் பரண்மேல் எறிவோம். இந்தப் பொண்ணு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை, என் ஆறாம் வகுப்புக் கணக்குப் பேப்பரையெல்லாம் வாங்கி, எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தப்பு என்று கோடு போட்டு எண்ணி, ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவிட்டது. நான்காம் கேள்வி, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுவது. நாற்பத்தேழு பேரில் நாற்பது பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! நாற்பது பேரையும் நூறு தடவை எழுதிவரச் சொன்னேன். அந்தப் பாவிகள் நூறு தடவையும் ஐந்தில் இரண்டு என்றே எழுதி வந்தார்கள்.

"சார், நாப்பது பேரும் நாப்பது விதமாத் தப்புப் பண்ணுனா அது பிள்ளைக தப்பு. எல்லாம் ஒரே தப்பா இருந்தா நம்மகிட்டதான் என்னமோ இருக்கு" என்றது அந்தப் பொண்ணு.

"இருவத்தெட்டு வருசமா நான் இப்படித்தேன் நடத்துறேன்" என்றேன்.

"அப்ப இருவத்தெட்டு வருசப் பேப்பரையும் பாக்கணுமே சார்!"

அன்றைக்குத்தான் மனு எழுதினேன்.

போன வாரம் அந்தப் பொண்ணு, யார் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று படம் வரைந்து அதில் மார்க்கைக் குறித்தது. சரியாகச் செய்த ஏழு பேரும் சன்னலோர பெஞ்சுக்காரர்கள்! மண்டையில் களிமண் என்று நான் தினமும் திட்டுகிற மலைச்சாமியும் அதில் ஒருத்தன். கூப்பிட்டு விசாரித்தேன்.

"சார், போர்டுல நீங்க கீழ் எண்ணச் சமமாக்குற ரெண்டாவது வரி எங்க பெஞ்சுக்கு மட்டுந்தேன் தெரியும். மத்தவங்களுக்கு உங்க முதுகுதேன் தெரியும். நீங்க நகர்றதுக்குள்ள டஸ்டரால அழிச்சுருவீக."

"இம்புட்டு நாளா ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

வெட்கமாகப் போய்விட்டது மாப்ள. இருபத்தெட்டு வருசமாக எத்தனை பிள்ளைகள் என் முதுகைப் பார்த்துக் கணக்குப் படித்தார்களோ! இதைத் தலைமையாசிரியரிடம் அந்தப் பொண்ணு எப்படிச் சொன்னது தெரியுமா? "போர்டு சின்னது சார், மலையாண்டி சாருக்குப் பத்தல" என்றது. வேறு யாராவது என்றால் என் மானத்தைக் கப்பலேற்றியிருப்பார்கள். மறுநாள் சன்னல் பக்கமாகத் தள்ளி நின்று அதே பாடத்தைத் திரும்ப நடத்தினேன், மூன்று பேர் தவிர அத்தனை பேரும் சரி! தங்கமான பொண்ணு மாப்ள. இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு அதை அனுப்பினால் அந்தப் பாவம் என்னை விடாது. மனுவை மறக்காமல் கிழியுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு, மருமக்களுக்கு ஆசீர்வாதம். எல்லாரையும் திருப்பரங்குன்றத்தான் காக்கட்டும்.

இப்படிக்கு,
மலையாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள், புதிதாக நடத்திய பின்ன வகுத்தலில் இன்று வைத்த டெஸ்ட் பேப்பரைத் திருத்தி முடித்தேன். நாற்பது பேர் சரி. சன்னலோர பெஞ்சு ஏழு பேரும் ஒரே மாதிரித் தப்பு. இப்போது அவர்களை மறைத்துக்கொண்டு நிற்கிறேனாம். எஸ்தர் டீச்சர் புதுப் படம் வரைய ஆரம்பித்துவிட்டது. மனுவைக் கிழிக்க வேண்டாம் மாப்ள. அதில் டீச்சர் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டு அனுப்புங்கள்.