தெய்சோ சம்மதித்த விதம்

வீட்டுக்குள் புது அடுப்பு வரக் கூடாது என்று தெய்சோ முடிவெடுத்ததும் அதை முதலில் மாட்டிடம்தான் அறிவித்தார். மாடு அசைபோட்டபடி கேட்டுக்கொண்டது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து சில வருஷமாகியிருந்தது. மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் ஒகிதா என்ற இளம்பெண் சர்க்கார் உத்தியோகத்தில் சைக்கிளேறி வந்துகொண்டிருந்தாள். புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு கட்டப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே நிபந்தனை, வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். ஏனென்றால் சுவரில் ஓட்டை போடுவதும், மலையிலிருந்து களிமண் சுமப்பதும் வீட்டுக்காரர் பங்கு.

தெய்சோவுக்கு ஓட்டையும் பிடிக்கவில்லை, சுமையும் பிடிக்கவில்லை. அவர் மனைவி ஷிகெனோவின் கண்களோ வருஷம் பூராவும் புகையில் வெந்து சிவந்திருந்தன. ஊசியில் நூல் கோக்க இப்போதெல்லாம் பக்கத்து வீட்டு குமேயைத் தேடிப் போனாள்.

"புகை இல்லேன்னா கூரைப் புல்லைப் பூச்சி அரிச்சிரும். எங்கப்பா சொல்லியிருக்கார்" என்றார் தெய்சோ.

"கூரைக்குப் புகை வேணும்னா நீங்க மேல ஏறி உக்காந்து புகையிலை பிடிங்க."

"எங்கம்மா காலம் பூரா இந்த அடுப்புலதான் சமைச்சா. ஒரு வார்த்தை சொன்னதில்லை."

"இருமுறதுக்கு நடுவுல எங்க சொல்றது, பாவம்."

அதற்குப் பிறகு ஷிகெனோ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முள்ளங்கியை ஊறுகாய்க்குக் கட்டித் தொங்கவிட்டாள். கொல்லை மரத்தில் காக்கி என்கிற துவர்ப்புப் பழம் பறித்தாள். தான் ஜெயித்துவிட்டதாக தெய்சோ மாட்டிடம் சொன்னார்.

ஒகிதா வீடு பார்க்க வருகிற நாளும் வந்தது. அன்றைக்கென்று தெய்சோ ஒரு சொற்பொழிவு தயார் பண்ணியிருந்தார். அதில் முன்னோர்கள் வந்தார்கள், கூரை வந்தது, பூச்சி வந்தது, கடைசியில் தேசத்தின் எதிர்காலமும் வந்தது. மாடு இரண்டு தடவை கேட்டுவிட்டுப் படுத்துவிட்டது. இனித் தொண்டையை நனைத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. சாராயக் குடுவையைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"இந்தா! குடுவை காலியா இருக்கு!"

"காக்கிப் பழம் குடிச்சிருச்சு" என்றாள் ஷிகெனோ, அரிசி களைந்துகொண்டே.

"பழம் குடிக்குமாடி?"

"துவர்க்கிற காக்கியைச் சாராயத்துல நனைச்சு மூடி வெச்சாத்தானே இனிக்கும்? வருஷா வருஷம் பண்றதுதானே. பாதிக் குடுவையை நீங்க குடிச்சீங்க, பாதியை அது குடிச்சுது. அதாச்சும் இனிப்பாச்சு."

"எங்க வெச்சிருக்க?"

"சமையல்கட்டுல, அரிசி மூட்டைக்குப் பின்னால, சின்னப் பீப்பாய்ல. வர்றவங்களுக்குக் குடுக்கணும். கை கிய் வெச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் விருந்தாளியை எதிர்கொண்டு அழைக்கத் தெருமுனைக்குப் போனாள்.

தெய்சோ யோசித்தார். சாராயம் அவருடையது. அது இப்போது பழத்துக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. தன் பொருளை மீட்பது திருட்டாகாது. மூட்டையை நகர்த்திப் பீப்பாயைத் திறந்தார். தளதளவென்று, தக்காளி மாதிரி சிவந்த பழங்கள். ஒன்றை எடுத்தார். வாசலில் பேச்சுக் குரல் கேட்டது! கடித்துத் தின்ன நேரமில்லை, முகர்ந்து பார்க்கவும் நேரமில்லை. முழுப் பழத்தையும் வாய்க்குள் தள்ளி, மூடியைப் போட்டு, நறுக்கென்று மென்றார்.

மென்றதுதான் தாமதம். யாரோ வாய்க்குள் கம்பளியைத் திணித்துத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. பச்சை வாழைக்காயையும் கொட்டைப்பாக்கையும் சேர்த்து அரைத்தாலும் அந்தத் துவர்ப்பு வராது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கன்னம் இரண்டும் உள்ளே போய்க் கைகுலுக்கிக்கொண்டன. சொற்பொழிவில் முன்னோர்கள் முதல் வரியிலேயே மாண்டுபோனார்கள்.

ஷிகெனோ, ஒகிதா, குமே மூவரும் உள்ளே வந்தார்கள். ஒகிதா பழைய அடுப்பைப் பார்த்தாள், கரி படிந்த உத்தரத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஐயா, அம்மா கண்ணு ரொம்ப மோசமாயிருக்கு. புது அடுப்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ம்ப்..." என்றார் தெய்சோ.

"பேச்சு வரலை அவருக்கு" என்றாள் ஷிகெனோ.

பேச்சு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஐயோ, தெய்சோ அண்ணன் அழறாரே!" என்றாள் குமே.

"என் கண்ணைப் பத்தி யாராச்சும் பேச்சு எடுத்தாலே இப்படித்தான். பாக்கத்தான் முரட்டு ஆளு."

தெய்சோ பலமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"கண்ணீரை உதறறார்" என்று குமே விளக்கம் சொன்னாள்.

இதற்கு மேல் தாங்காது. சாம்பல் மூலையில் துப்பிவிடலாம் என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். மூலைக்கும் அவருக்கும் நடுவில் ஒகிதா நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு ஆழமாகக் குனிந்து வணங்குவதைப் பார்த்து அவளும் பதறிப்போய்க் குனிந்து வணங்கினாள். எதிரே ஒருவர் வணங்கினால் அந்த ஊர்க்காரர் இடுப்பு தானாக வளைந்துவிடும். அவர் மறுபடி குனிந்தார். அவள் இன்னும் கீழே குனிந்தாள். மூன்றாவது முறை குனிந்தபோது தெய்சோ பழத்தை விழுங்கினார். இரண்டு அர்த்தத்திலும் அது தலைகுனிவு.

"இப்படி மனசார ஒத்துக்கிட்டவரை நான் எந்த ஊர்லயும் பாக்கலை" என்றாள் ஒகிதா.

எல்லோரும் போன பிறகு, டீயாகக் குடித்துக் குடித்து நாக்கைப் பெயர்த்து எடுத்தார் தெய்சோ.

"அது சாராயம் ஊத்தின பழமே இல்லை!"

"அது நேத்துப் பறிச்சது. ஊத்தினது தானியக் கொட்டாய்ல இருக்கு. அதைத்தான் அவங்களுக்குக் கட்டிக் குடுத்தேன். வாசல்லயே ஒண்ணு கடிச்சுப் பாத்தாங்க, நல்லா இனிச்சுதாம்."

"இதை ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்டுட்டா எடுத்தீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், தின்கிற பண்டம் எங்கே இருக்கிறது என்று ஷிகெனோ தானாக அவரிடம் சொன்னதே இல்லை.

"நான் ஒத்துக்கலை. துப்பறதுக்குத்தான் குனிஞ்சேன்!"

"அப்ப நாளைக்கே போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிருங்க. விருந்தாளிக்கு வெச்சதைத் திருடித் தின்னேன், வாய் ஒட்டிக்கிச்சு, அதான் அழுதேன்னு சொல்லுங்க. குமே காதுல விழற மாதிரி சொல்லுங்க. ஊருக்கெல்லாம் தனித்தனியா சொல்ற வேலை மிச்சம்."

தெய்சோ மறுநாள் களிமண் சுமக்கப் போனார். பனி விழுகிற வரை சுமந்தார். சுவரில் ஓட்டை போட்டார். போட்டது கோணல் என்று பெண்கள் சொல்ல, அடைத்துவிட்டு வேறு இடத்தில் போட்டார். அடுப்பு எழும்பியது. குளிர்காலம் முழுவதும் புகை வெளியே போயிற்று. சோறு சீக்கிரம் வெந்தது. கூரையைப் பூச்சி அரிக்கவில்லை. வசந்தத்தில் ஒரு நாள் ஷிகெனோ வாசலில் உட்கார்ந்து தானே ஊசியில் நூல் கோத்தாள். தெய்சோ அதைப் பார்த்தார். அன்றைக்கு விறகை மட்டும் வழக்கத்தைவிடப் பொடியாகப் பிளந்து அடுக்கினார்.

நாற்று விடுகிற சமயம் ஒகிதா சைக்கிளில் வந்து இறங்கினாள். மலைமேல் ஊர் ஆண்கள் ஒருவரும் அடுப்புக்கு மசியவில்லையாம். பெண்சாதி கண்ணுக்காக அழுத மனிதர் நேரில் வந்தால் மனசு மாறுவார்களாம். கூட்டத்துக்கு வர முடியுமா?

தெய்சோவின் நெஞ்சு முன்னால் வந்தது. ஆகட்டும் என்றார். மறுபடி ஒரு சொற்பொழிவு தயாரானது. அதில் அடுப்பு முழுக்க முழுக்க அவருடைய யோசனை. மாட்டுக்கும் பிடித்திருந்த மாதிரிதான் தெரிந்தது. கூட்டத்தன்று நல்ல மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஷிகெனோவும் பண்டிகைக் கிமோனோ உடுத்தி, தலைவாரி, செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"கூட்டத்துக்குத்தான். நான்தானே பேசணும்?"

"அப்ப நான்?"

"நீங்க பக்கத்துல நின்னு குனிஞ்சாப் போதுமாம்."